அட்டைக் குழி

மூன்று மீன் என்று சொன்னதுதான் நான் விட்ட பிழை. முப்பது மீன் என்று சொல்லியிருந்தால் கண்டக்குழியில் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள். மூன்று என்றதும் நம்பிவிட்டார்கள். அதில் ஒன்று கறிக்கு உதவாத சாதி என்று வேறு சொல்லி வைத்திருந்தேன்.

கதை இதுதான். எனக்கு இருபது வயது நடக்கும்போது, எங்கள் கரைக்குச் சங்கு குளிக்க வந்த வெளியூரான் ஒருவன் கடலுக்குள் போய், பாங்கு சொன்னதிலிருந்து ஜும்ஆ முடியும் மட்டும் மேலே வரவில்லை. இழுத்துப் போட்டபோது மவுத்து, மூச்சு இல்லை. நாங்கள் நாலு பேர் அவனை உச்சி வெயில் மணலில் கழுத்து வரைக்கும் புதைத்தோம். சுட்ட மணல், அவன் உடம்பிலிருந்த கடலை ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சி எடுத்தது. மூக்கு வழியாக மூன்று மீன் வந்தன. பிறகு அவன் கண்ணைத் திறந்து, சீனி கூடுதலாகப் போட்டு ஒரு பிளேன்டீ கேட்டான். ஊருக்குப் போய்ப் பதினொரு பிள்ளை பெற்றான்.

அப்படி ஒருத்தன் இந்த உலகத்தில் இருந்ததே இல்லை. ஆறு வருசத்துக்கு முன்னால் ஒரு பின்னேரம் றிஸ்மினுடைய வாடிக் கொட்டிலில் கடலட்டை சுரண்டிக்கொண்டிருந்தபோது நானே உண்டாக்கிய ஆள் அவன். கடலட்டையைப் பெரிய கிடாரத்தில் அவித்து, மணலில் குழி தோண்டிப் புதைத்து வைப்போம். மறுநாள் எடுத்தால் மேல்தோல் ஊறிக் கழன்று நிற்கும். தகரத்தால் சுரண்டி, இன்னொருக்கால் அவித்து, வெயிலில் போட வேண்டும். கை கறுத்துப்போகும், நாற்றம் சோற்றிலும் ஏறும். அந்த வேலைக்குக் கதை இல்லாமல் முடியாது. எதிரே குழி இருந்தது. குழிக்குள் ஆளைப் போட்டேன். அவ்வளவுதான்.

நான் புளுகன் என்பது ஊருக்கே தெரியும். நுரைச்சோலைப் பக்கம் காற்றாலை வந்த புதிதில் அதன் இறகு ஒன்றைப் பிடித்துத் தொங்கிப் புத்தளம் வரைக்கும் போய்ப் பாண் வாங்கி வந்தேன் என்று சொன்னவன் நான். பாண் சூடு ஆறவில்லை என்றும் சொன்னேன். சிரித்தார்கள், இன்னொன்று கேட்டார்கள். அதே ஆட்கள்தான் அன்றைக்கு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். யார்மேல் என்று கேட்டால், வரிசை நீளம். கடைசியில் நிற்பவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

பெப்ரவரி மாதம். காற்று விழுந்து, கடல் எண்ணெய் போலக் கிடந்தது. ஸஜீதும் றிஸ்மினும் சிலிண்டர் கட்டி அட்டைக்குப் போயிருந்தார்கள். ஸஜீத், எங்களோடு வாடியில் அட்டை அவிக்கும் உம்மு குல்சூமின் ஒரே மகன். தில்லையடியிலிருந்து ஷஸ்னாவைக் கலியாணம் முடித்து ரெண்டு வருசம். கடலில் முழுகும் குளிகாரர்களில் அவன் பேச்சுக் குறைந்தவன். என் கதைகளுக்குச் சிரிக்காமல், சுரண்டிக்கொண்டே, “நூஹு மாமா, போன தரம் காத்து வடக்க இருந்தல்லோ அடிச்சது? இப்ப எப்பிடித் தெக்கால வந்திச்சி?” என்று கேட்பவன் அவன் ஒருத்தன்தான்.

சிலிண்டரில் காற்று முடிந்ததா, குழாய் பிடுங்கிக்கொண்டதா என்று இன்றுவரை தெரியாது. கீழே அவன் அசையாமல் கிடப்பதைக் கண்டு றிஸ்மின் தூக்கி வந்தான். றிஸ்மின் முந்தி, வெள்ளைக்காரர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் பலகையில் சறுக்க வரும் விடுதியில் வேலை செய்தவன், அங்கே முதலுதவி படிப்பித்திருந்தார்கள். எஞ்சின் போட்டுக்குள்ளேயே நெஞ்சை அமத்தி, வாயில் ஊதி, மூச்சைத் திருப்பிவிட்டான். கரைக்கு வரும்போது ஸஜீதுக்கு உணர்வு இல்லை. ஆனால் மூச்சு இருந்தது, குறட்டை போல.

மீன் வியாபாரி மரியநாயகத்தின் கூலர் லொறி மீன் ஏற்ற நின்றது. அவர் மீன் பெட்டிகளைக் காலால் உதைத்துத் தள்ளி இடம் பண்ணினார்.

“ஏத்துங்க! கற்பிட்டி ஆஸ்பத்திரிக்குப் பதினஞ்சு நிமிசம்!”

உம்மு குல்சூம் கிடாரத்தடியிலிருந்து கறுத்த கையோடு ஓடி வந்தாள். மகனைத் தொட்டாள். கையைச் சுட்டதுபோல இழுத்தாள்.

“ஐஸாக் கெடக்கான்! ஐஸு லொறியில இன்னும் ஏத்தப் போறீங்களா? மொதல்ல மண்ணுல வைங்க. தண்ணி எறங்கட்டும். நூஹு நானா எத்தின தரம் சொல்லியிரிக்கார்!”

குழியும் தயாராக இருந்தது. காலையில் அட்டைக்குத் தோண்டியது. ஒரு ஆள் நீளம்.

“வேணாம் மாமி,” என்றான் றிஸ்மின். “மூச்சு வருது. கொண்டு போவம்.”

“நீ சின்னப் பொடியன், ஒனக்கென்ன தெரியும்? நூஹு நானா! நீங்க கண்ணால கண்டதுதானே? சொல்லுங்களேன்!”

கரையில் நின்ற ஐம்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மரியநாயகம் லொறிக் கதவைப் பிடித்தபடி நின்றார். எனக்கும் அவருக்கும் நாற்பது வருசச் சண்டைச் சிநேகிதம்.

“நூஹு,” என்றார், “நீ புளுகன். அது புளுகு. வாயத் தொறந்து சொல்லிப்போடு.”

தனியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அத்தனை பேருக்கு முன்னால் கேட்டார். என் வயதில் ஒருத்தன் தன் வாயையே எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கக் கண்டால் என்ன செய்வான் என்று மற்றவர்கள் சொல்லட்டும். நான் செய்ததைச் சொல்கிறேன்.

“ஓம்,” என்றேன். “கண்டதுதான்.”

கழுத்து வரைக்கும் மூடினார்கள். நன்றாக இறுகட்டும் என்று காலால் மிதித்தும் விட்டார்கள். மூக்கிலிருந்து மீன் வருமா என்று ரெண்டு பேர் போனைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். குறட்டை வரவர மெலிந்தது. மெலிவது நல்லது என்று ஒருத்தர் விளக்கம் சொன்னார். நான் அவன் மூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நானே உண்டாக்கிய மீனுக்கு நானும் காத்திருந்தேன்.

இருபது நிமிசம் போயிருக்கும். செய்தி கேட்டு மிட்வைப் கமறியா ஸ்கூட்டரை மணலில் விழுத்திவிட்டு ஓடி வந்தாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதியைப் பிரசவம் பார்த்தவள். பெரிய ஆள் சின்ன ஆள் என்று பார்க்க மாட்டாள்.

“ஆளையும் அட்டையெண்டு நெனச்சீங்களா? தோல் கழரட்டும் எண்டு வச்சிரிக்கீங்களா? நெஞ்சில இவ்வளவு மண்ணக் கொட்டினா எப்பிடி மூச்செடுப்பான்? தோண்டுங்க! கையால தோண்டுங்க!”

ஸஜீதின் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. வெளியே எடுத்தபோது உடம்பு சுட்டது. உம்மு குல்சூம், “சூடு வந்திட்டு, அல்ஹம்துலில்லாஹ்!” என்றாள். கமறியா அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். பிறகு குனிந்து அவன் வாயில் ஊதத் தொடங்கினாள். மரியநாயகம் லொறியை விட்ட வேகத்தில் வழிநெடுக மீன் கொட்டிக்கொண்டு போயிற்று.

கற்பிட்டியிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கண்ணாடிக்குப் பின்னால், வாயில் குழாயோடு, ஒரு மெல்லிய துணி மட்டும் மூடிக் கிடந்தான். ஏசி போட்டிருந்தார்கள். அதுவும் போதாதென்று உடம்பைக் குளிர்த்தும் வைத்திருந்தார்கள். உம்மு குல்சூமுக்கு அது பொறுக்கவில்லை.

“கடல்ல வெறச்சது போதாதா? இவங்க கொல்றாங்க,” என்று வாசலில் இருந்து சத்தம் போட்டாள்.

மூன்றாம் நாள் கம்பளியையும், பழைய சோடாப் போத்தலில் சுடுதண்ணியையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டு போய் மகனின் விலாவோடு வைத்துவிட்டாள். காய்ச்சல் ஏறி மெசின் கத்தியது. பெண் டொக்டர் ஒருத்தி, ஸஜீதின் வயதுதான் இருக்கும், போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கோபத்தில் அவளுடைய கழுத்து நரம்பு தெரிந்தது.

“இத வச்சது யார்?”

ஷஸ்னா, மூன்று நாளாக ஒரு கதிரையிலேயே இருந்தவள், எழும்பி வந்தாள்.

“என்ட மாமி. நான் காணல்ல, மிஸ். இனி நான் உள்ளுக்குப் போக விடமாட்டன். என்னத்துக்குக் குளிர்த்தி வச்சிரிக்கீங்க எண்டு எங்களுக்கு ஒருக்காச் சொல்லுங்க. சொன்னா நாங்க கேப்பம்.”

டொக்டர் போத்தலைக் கீழே வைத்தாள்.

“மூளைக்குக் காத்து இல்லாமப் போனது முதலாவது அடி. அது கடல்ல விழுந்திட்டு, அத நான் திருப்ப ஏலாது. ஆனா மூச்சு வந்த பிறகும் முடியிறதில்ல. மணித்தியாலக் கணக்கா, நாட்கணக்கா மூளைக்குள்ள வீக்கமும் வலிப்பும் வரும். அது ரெண்டாவது அடி. காய்ச்சல் வந்தா அது இன்னும் மோசமாகும். அதாலதான் சூடு ஏற விடாமப் பாக்கிறம், ஒட்சிசன், ரத்தச் சீனி, பிரஷர் எல்லாம் அளந்து அளந்து வச்சிரிக்கிறம். இந்த ரெண்டாவது அடியத்தான் நாங்க பிடிச்சு நிப்பாட்டப் பாக்கிறம், அம்மா. நீங்க அத சேலைக்குள்ள கொண்டு வாறீங்க.”

உம்மு குல்சூம் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

“கற்பிட்டியில இருந்து வந்த துண்டுல மண்ணுல புதைச்சது எண்டு எழுதியிரிக்கு,” என்றாள் டொக்டர். “போட்டுல மூச்சு வந்த ஆள மண்ணுல புதைக்கிற யோசனை யாருடையது?”

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். நான்தான் வயதில் மூத்தவன்.

“அது எங்கட பக்கத்துப் பழைய வழக்கம், மிஸ்,” என்றேன்.

ஆறு வருசப் பழசு. ஷஸ்னா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் தில்லையடிக்காரி. எங்கள் வாடிக் கதைகள் அவளுக்குத் தெரியாது.

“வழக்கமா, நூஹு மாமா?”

“ஓம் மகள்,” என்றேன். அன்றைக்கும் ஓம்.

ரெண்டு மாதத்துக்குப் பிறகு ஸஜீதை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். நடந்தான், ஒரு காலை இழுத்துக்கொண்டு. கை நடுங்கியது. சட்டைப் பொத்தான் போட முடியாது. நாள் தெரியாது, சாப்பிட்டது மறக்கும். பேச்சு இல்லை. வாயைத் திறந்தால் ஆ என்ற ஒரு ஒலிதான். சிலவேளை காரணம் இல்லாமல் தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரில் அடிப்பான். செத்த நரம்பு திரும்ப முளைக்காது என்றும், அந்த வேலையைப் பக்கத்து நரம்பு படிக்கப் பார்க்கும் என்றும், அதற்கு ஒரே காரியத்தை நூறு தரம் செய்விக்க வேண்டும் என்றும் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாதங்கள் ஆகலாம், வருசம் ஆகலாம், வராமலும் போகலாம். வாக்குக் கொடுக்கவில்லை.

நான் அந்தப் பக்கம் போகவில்லை. முழங்கால் நோவு என்றேன். அதுவும் பொய்தான்.

ஒருநாள் காலை என் வேலியடியில் ஷஸ்னாவின் குரல் கேட்டது.

“நூஹு மாமா, வெளிய வாங்க. முழங்காலோட வாங்க.”

வந்தேன். அவள் கையில் வெங்காயம் வெட்டுகிற கத்தி இருந்தது. வேலையிலிருந்து அப்படியே எழும்பி வந்திருக்கிறாள். தோட்டக்காரர் கொண்டு வந்து கொட்டும் சின்ன வெங்காயத்துக்கு வாலும் வேரும் நறுக்கிக் கொடுப்பது இப்போது அவளுடைய பிழைப்பு. எனக்குக் கத்தியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

“றிஸ்மின் நானா சொல்லிட்டார். அந்தச் சங்குக்காரன், மூணு மீன், பதினொரு புள்ள, எல்லாம். வழக்கம் எண்டு சொன்னீங்களே, டொக்டருக்கு! என்ட முகத்தப் பாத்துக்கொண்டு சொன்னீங்களே!”

“மகள்…”

“மகள் எண்டு சொல்லாதீங்க. கடலுக்குள்ள அவருக்கு என்ன நடந்திச்சோ அது அல்லாஹ்ட நாட்டம், நான் பொறுத்துக்கொள்ளுவன். கரையில நடந்தது நாட்டமில்ல. அது நீங்க. என்ட மாமி அழுதழுது கண்ணு போச்சி. அவ நம்பிச் செஞ்சா. நீங்க?”

நான் கத்தியையே பார்த்தேன்.

“கேளுங்க,” என்றாள். “கிளினிக்ல மிஸ் சொல்றாங்க, அவரோட ஓயாமக் கதைக்கணுமாம். தெரிஞ்ச குரல், தெரிஞ்ச கதை. நான் வெங்காயம் நறுக்கிறதா, கதைக்கிறதா? நீங்க நாளைக்கிலிருந்து பத்து மணிக்கு வருவீங்க. ளுஹர் பாங்கு சொல்ற வரைக்கும் அவருக்கு முன்னால இரிந்து கதைப்பீங்க. ஒங்களுக்கு அது ஒண்டுதானே தெரியும்? மன்னிப்புக் கின்னிப்பு எண்டு வாயத் தொறந்தீங்களோ, இந்தக் கத்தி. உண்மை மட்டும் கதைக்கணும். விளங்கிச்சா?”

போனேன். முதல்நாள் என் வாப்பாவின் பெயர், உம்மாவின் பெயர், நான் பிறந்த வீடு எல்லாம் சொன்னேன். ரெண்டாம் நாள் கடல் காற்றுகள், மீன் சாதிகள். மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு உண்மை தீர்ந்துவிட்டது. எழுபத்தாறு வருசத்துக்கு ரெண்டரை நாள்தான் தேறியது. மிச்ச நேரத்துக்கு மீன் சாதிகளையே திரும்பச் சொன்னேன். ஷஸ்னா வெங்காயக் குவியலுக்குப் பின்னால் இருந்து கண்ணில் நீர் வடிய நறுக்கிக்கொண்டிருந்தாள். அது வெங்காயமா வேறா என்று கேட்கும் உரிமை எனக்கில்லை.

ஸஜீதுக்கு முன்னால் ஒரு தட்டில் பெரிய பொத்தான்கள் இருக்கும். ஒரு போத்தலுக்குள் போட வேண்டும். எடுப்பான், விழும். எடுப்பான், விழும். கமறியா வெள்ளிக்கிழமைகளில் வந்து எண்ணிப் பார்ப்பாள். ரமழான் வந்து போயிற்று, சோழகக் காற்று எழும்பிற்று, மணல் வீட்டுக்குள் ஏறிற்று. போத்தலில் நாலு பொத்தான் விழுந்தது. பிறகு ஏழு. சில வெள்ளிகளில் திரும்பவும் ரெண்டு. அப்படியான நாளில் அவன் தட்டையே தூக்கி எறிவான். ஷஸ்னா ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அவனைவிடக் கூடிய கோபத்தோடு டொக்கென்று தட்டில் வைப்பாள்.

“எறிங்க. நூறு தரம் எறிங்க. நூத்தியோராந் தரம் போடுவீங்க.”

உண்மை தீர்ந்த பிறகு நான் மெல்ல மெல்லப் பழைய கதைகளுக்குப் போனேன். அவள் கேட்டும் கேட்காததுபோல இருந்தாள். காற்றாலையில் தொங்கிப் போனதைச் சொன்னேன். ஸஜீதின் முகம் சுவர் போல இருந்தது. முந்தி சந்தேகக் கேள்வி கேட்டு என்னை மடக்குகிற முகம் அது. சுவருக்குக் கதை சொல்வதைவிடக் கொடிய தண்டனையை ஷஸ்னா யோசித்திருக்க முடியாது.

ஒரு கதையை மட்டும் நான் தொடவில்லை.

ஜூலை மாதம், புதன்கிழமை. உம்மு குல்சூம் பாணும் தேங்காய்ச் சம்பலும் கொண்டு வந்து வைத்தாள். எனக்கு முன்னால் வைப்பாளே தவிர என் முகத்தைப் பார்க்க மாட்டாள். நானும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன். ஷஸ்னா நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

“இண்டைக்கு அந்தக் கதயச் சொல்லுங்க.”

“எந்தக் கதை?”

“ஒங்களுக்குத் தெரியும்.”

“உண்மை மட்டும் எண்டு நீதானே…”

“அவர்ட முகத்தப் பாத்துச் சொல்லுங்க. ஊருக்கு முன்னால சொன்ன வாய்தானே. அவருக்கும் ஒருக்காச் சொல்லுங்க. சொல்லேக்குள்ள ஒங்கட முகம் எப்பிடி இரிக்கி எண்டு நான் பாக்கணும்.”

உம்மு குல்சூம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சம்பல் கையைக் கழுவினேன். ஸஜீதின் முகத்தைப் பார்த்துத் தொடங்கினேன். எனக்கு இருபது வயது. சங்கு குளிக்க வந்த வெளியூரான். பாங்கு சொன்னதிலிருந்து ஜும்ஆ முடியும் மட்டும். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. மணலில் புதைத்தோம் என்ற இடத்தில் நிறுத்தினேன். ஷஸ்னா கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். விடமாட்டாள். எப்படியாவது முடித்துவிட வேண்டுமென்று ஓடினேன்.

“…மூக்கால ரெண்டு மீன் வந்திச்சி. கண்ணத் தொறந்தான். பிளேன்டீ…”

“மூ.”

பொத்தான் எடுக்கப் போன அவனுடைய கை பாதியில் நின்றிருந்தது. நெற்றி நரம்பு புடைத்திருந்தது, பாரம் இழுக்கிறவனுக்குப் போல.

“மூ… ணு.”

உம்மு குல்சூம், “யா அல்லாஹ்!” என்று நிலத்தில் குந்திவிட்டாள். ஷஸ்னா வெங்காயக் குவியலுக்கு மேலாலே நடந்து வந்தாள். அவனைத் தொடவில்லை. தொட்டால் போய்விடும் என்று பயந்தாளோ என்னவோ. அவனுக்கு முன்னால் குந்தினாள்.

“என்ன மூணு? சொல்லுங்க. என்ன மூணு?”

“மீ…ன்.” அவன் அவளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தான். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தப் பழைய பார்வை, காற்று தெற்காலே எப்படி வந்தது என்று கேட்கிற பார்வை. உதடு ஒன்றோடொன்று சேர மறுத்தது. சேர்த்தான். விட்டது. திரும்பச் சேர்த்தான்.

“பொ… பொய்.”

வீட்டுக்கு மேலே தகரம் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நான் அழுதேனா என்று எனக்குத் தெரியாது. சொன்னாலும் நீங்கள் நம்பத் தேவையில்லை. ஷஸ்னா எழும்பினாள். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். ஒரு நொடி சிரித்தும்விட்டாள், அவனைப் பார்த்து. என் பக்கம் திரும்பும்போது அது இல்லை.

“கேட்டீங்களா?”

“கேட்டன்.”

“இந்த ஒரு சொல்லச் சொல்ல அவருக்கு அஞ்சு மாசம் எடுத்திச்சி. செத்துப் பொழச்ச மூளைய வச்சுக்கொண்டு சொன்னார். ஒங்கட மூளைக்கு அண்டைக்கு என்ன கொற? மரியநாயகண்ணன் லொறிய வச்சுக்கொண்டு கேக்கேக்குள்ள, இதே சொல்ல, ஒருக்கா, ஒங்களால சொல்லேலாமப் போச்சா?”

நான் எழும்பிச் செருப்பைத் தேடினேன். ஒன்றுதான் கிடைத்தது. அதோடு வாசலைத் தாண்டினேன்.

“நூஹு மாமா!”

நின்றேன்.

“நாளைக்குப் பத்து மணிக்கு. காத்தாலைக் கதை. எல்லாத்தயும் பிழை பிழையாச் சொல்லுங்க, அவர் திருத்தட்டும்.” மற்றச் செருப்பைத் தூக்கி எறிந்தாள். என் முதுகில் பட்டது. குறி வைத்துத்தான் எறிந்தாள்.